மச்சானுக்கு நீலம்

ஜூன் 11, புதன்

வீட்டுக்குப் பெயின்ட் வேலை தொடங்கியது. சுடலையாண்டி அண்ணாச்சி நிற அட்டையை நீட்டி, "எந்த கலரும்மா?" என்றார். தம்மாமில் வேலை பார்க்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மச்சான் என்னோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம்கூட வராது. அட்டையைச் சரியாகப் பார்க்கவுமில்லை. "வீடு முழுக்க நீலம் அடிக்கச் சொல்லு. நீலம்னா மனசுக்கு அமைதின்னு சொல்லுதாங்க."

அமைதி. இந்த வீட்டில் அதற்கா பஞ்சம்?

ஜூன் 16, திங்கள்

ஹால் முடிந்தது. வெளியே சாரல், உள்ளே நீலம். பகலிலேயே குளிர்கிறது. எதிர் வீட்டு ரிஃபாத் எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாரி இருக்கே மைனி" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 20, வெள்ளி

ஐந்தருவியில் நல்ல தண்ணீராம். தெருவே வேன் பிடித்துப் போனது. எல்லாரும் புருஷன், பிள்ளைகளோடு. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மச்சானின் கான்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டச் சொல்கிறார்களாம். "கையெழுத்துப் போட்டுரலாம்னு பாக்கேன் பானு" என்றார். சரி என்றேன்.

சரியா? இந்த நீலச் செவுத்தப் பாத்துக்கிட்டு ரெண்டு வருஷம் நான் யாருகூடப் பேச?

ஜூன் 24, செவ்வாய்

படுக்கையறைக்கு மஞ்சள் கேட்டேன். சாமந்திப் பூ மாதிரி. அண்ணாச்சி தயங்கினார். "பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்கம்மா."

"இங்கன இருக்கது நான்தான அண்ணாச்சி. அடிங்க."

ஜூன் 27, வெள்ளி

மச்சான் போனில் பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டு அடிச்ச?"

"கேக்க இங்கன யாரு இருக்கா?"

கட் பண்ணிவிட்டார்.

ஜூலை 2, புதன்

அப்புறம் போனே இல்லை. மஞ்சள் உற்சாகம் தருமாம், செல்லில் படித்தேன். ரெண்டு நாள் தந்தது. பிறகு அதுவும் சுவர்தான்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் அவரே கூப்பிட்டார். இன்று அவருக்கு லீவு. நான்தான் கேட்டேன்: "ஏன் நீலந்தான் வேணும்னீங்க?"

போனைத் திருப்பி அவர் தங்கும் அறையைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் முகத்தைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. அழுக்கேறிய சாம்பல் சுவர். அடுக்குக் கட்டில்கள். கயிறு முழுக்கக் கைலிகள். ஜன்னல் இல்லை.

"வேலையும் குடோனுக்குள்ளதான். வானத்தைப் பாக்கதே கிடையாது பானு. வீட்டுல வந்து படுத்தா வானம் மாரி இருக்கட்டும்னு நெனச்சேன்."

எனக்கு எது குளிர்ந்ததோ, அது அவருக்கு வானம்!

"ஹால் நீலமாத்தான் இருக்கு" என்றேன். "வந்து படுங்க."

ஜூலை 9, புதன்

கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடவில்லை என்று மெசேஜ் வந்திருக்கிறது. அந்த ஒரு வரிதான். ஊரில் என்ன வேலை பார்ப்பார்? கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சியிடம் சமையலறையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னேன். அவர் வரட்டும். ரெண்டு பேருமாகப் போய்க் கலர் பார்த்து எடுப்போம்.