மூன்று பார் அழுத்தம்

சனிக்கோளின் நிலவு டைட்டன், வடகடல் கரை, மூன்றாம் துளைக்கூடம். எழுதுவது ஜெபக்கனி, இன்ஜின் பொறுப்பு.

நாள் 212, காலை

இன்ஜின் ஓடுகிறது. தெளிப்பான்களுக்குப் போகும் குழாயில் அழுத்தம் மூன்று பார். அறைச் சூடு போதும். துளைப் பணியாளர் உலகநாதன் வெளியே துளைக் கோபுரத்தில் இருக்கிறார். மாற்று ஆட்கள் வருவது மறுபடியும் தள்ளிப் போயிருக்கிறது. இதைக் கேட்டு இரண்டு பேருக்கும் கோபம்கூட வரவில்லை.

பின்னால் வந்து வாசிப்பவருக்காக: ஊரில் இன்ஜின் காற்றை இழுத்துக்கொண்டு பெட்ரோலைத் தெளிக்கும். இங்கே காற்றிலேயே மீத்தேன் இருக்கிறது. நாங்கள் தெளிப்பது திரவ ஆக்சிஜன். மூச்சுக்கும் அதே தொட்டிதான்.

நாள் 213, மாலை

பனித்தரை அதிர்ந்தது. கோபுரம் சாய்ந்து உலகநாதன் அண்ணாச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இழுத்து வந்து கீழறையில் கிடத்தினேன். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் இன்ஜின் தானாக வேகமெடுத்து அலறத் தொடங்கியது.

அழுத்த ரெகுலேட்டர்தான் காரணம். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஒரு பக்கம் ஆக்சிஜன். மறுபக்கம் ஒரு ஸ்பிரிங்கும், இன்ஜின் காற்றிழுக்கும் பாதையிலிருந்து வரும் சின்னக் குழாயும். சவ்வு குளிரில் விறைத்துப் போயிருந்திருக்கிறது; அதிர்வில் கிழிந்துவிட்டது. ஆக்சிஜன் அந்தச் சின்னக் குழாய் வழியாக நேரே இன்ஜினுக்குள் கொட்டியது. குழாயை இடுக்கியால் நெரித்து நிறுத்தினேன். நான் கவனிப்பதற்குள் தொட்டியில் பாதி போய்விட்டது.

ரேடியோவில் விவரம் சொன்னேன். தலைமை நிலையத்திலிருந்து வண்டியோட்டி பாசில்: "அக்கா, பெரிய வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். எப்படியும் வந்துருவேன்."

நாள் 214, காலை

உதிரிச் சாமான் கிட்டங்கியில், திருகி அழுத்தம் வைக்கிற ரெகுலேட்டர் இரண்டு வகை இருந்தது. ஒன்று, தேவைக்கு மிஞ்சியதைத் திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கே அனுப்பும். மற்றதில் திரும்பு குழாய் கிடையாது. மாட்டுவது சுலபம், ஆனால் திரவம் குழாயிலேயே தேங்கிச் சூடேறிக் குமிழ் கட்டும். குமிழ் வந்தால் இன்ஜின் விக்கும். நான் முதல் வகையை எடுத்தேன். பம்ப் ஓயாமல் தள்ளுவதை மறிக்காமல் திருப்பி அனுப்பும் அகலம் அதன் வாய்க்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. சவ்வும் வேறு பொருள். விரலால் அழுத்தினால் வளைந்து கொடுத்தது.

பாசில்: "அக்கா, அழுத்தத்தப் பாதியா எறக்கி வைங்களேன். ஆக்சிஜன் ரெட்டிப்பா தாங்குமே."

நான்: "தாங்காதுடா. அழுத்தத்தப் பாதியாக்குனா ஓட்டம் பாதியாகாது. முக்காவாசிக்குக் கிட்ட போய்க்கிட்டேதான் இருக்கும். பொகையா தெளிக்க வேண்டியது சொட்டு சொட்டா விழும். இன்ஜின் நின்னுரும். மூணுலயே வைக்கேன்."

புதியதை மாட்டினேன். சின்னக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தேன். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, அழுத்தமானியின் ஊசி மூன்றில் நிற்கும்வரை திருகினேன். பூட்டு நட்டை இறுக்கினேன். குழாயை மறுபடி செருகியதும் ஊசி கொஞ்சம் இறங்கியது. அது பழுதில்லை. இன்ஜின் உறிஞ்சும் அளவுக்கு அழுத்தமும் சேர்ந்து இறங்கும், பாரம் ஏறினால் சேர்ந்து ஏறும். அதற்காகத்தான் அந்தக் குழாய்.

கையுறைக்குள் விரல்கள் வீங்கியிருக்கின்றன. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நாள் 215, நண்பகல்

பாசிலின் குரல் விட்டு விட்டு வந்தது. "அக்கா, வண்டி தானா வேகம் எடுக்குது. நான் மிதிக்கவே இல்ல."

அவன் வண்டியிலும் இங்கே கிழிந்த அதே வகை ரெகுலேட்டர்தான், எங்களுடையதோடு ஒரே பெட்டியில் வந்தது. அதை நேற்றே நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

"பாசில், நிறுத்து. ரெகுலேட்டர் தலையில ஒரு சின்னக் குழா இருக்கும். கழத்திப் பாரு. உள்ள ஈரமா?"

"ஈரமாத்தான் இருக்குக்கா. ஆவி பறக்குது."

"அப்ப இன்ஜினத் தொடாத. மறுபடி ஓட்டுனா தீப்பிடிச்சிரும்."

"ஓட்டலைன்னா குளுருமே அக்கா."

ரேடியோ சிக்னலின்படி அவன் கரைமேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். நடந்து போகிற தூரம்தான். என்னிடம் திரும்பு குழாய் இல்லாத அந்த இன்னொரு ரெகுலேட்டர் இருக்கிறது. அவன் இன்ஜினைத் திறந்துகூடப் பார்த்தவனில்லை. குமிழை வெளியேற்றி, அழுத்தம் வைத்துத் தர ஆள் வேண்டும்.

கீழறையிலிருந்து அண்ணாச்சி: "கனி, நீ போவாத. தலைமை நிலையத்துல வேற வண்டி இருக்கும்லா."

"இல்ல அண்ணாச்சி. கேட்டுட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் போயிச் சேர வேண்டியதுதானா?"

"மூணு பேரும் போக வேண்டாம்னுதான் கெளம்புதேன்."

நாள் 215, மாலை

உடையின் பேட்டரி போகும் வழிக்குப் போதும். திரும்பி வர வண்டி ஓட வேண்டும். அது ஓடினால்தான் சூடும் கிடைக்கும்.

அண்ணாச்சியின் கைக்கெட்டும் இடத்தில் அழுத்தமானியை மாட்டிவிட்டேன். ஊசி நடுங்கினால் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விழுந்தால் மட்டும் வெப்பத்தைக் குறைத்து, போர்வைக்குள் போய்விட வேண்டும்.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. நடந்தால் சரியாகிவிடும்.

நாள் 216

சொல்வது உலகநாதன். குறிப்பேட்டுக்குக் கை எட்டாததால் குரலிலேயே பதிகிறேன். ஊசி சரியாக நிற்கிறது. ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. தினம் எழுதச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்சம் முன்னால் பாசில் பேசினான்.

"அண்ணே, அக்கா வந்தாங்க. அவங்களே மாட்டுனாங்க. குமிழு போகவே மாட்டேன்னுச்சு. நான் பண்றேன்னா விடல. திருகி முடிச்சு, இப்ப ஓட்டுன்னாங்க. வண்டி ஓடுது அண்ணே."

"கனிட்ட குடு."

"பின்னால படுக்க வச்சிருக்கேன். உடையில சூடு எப்பவோ நின்னுபோச்சு போல, அவங்க சொல்லவே இல்ல. கூப்பிட்டாக் கண்ண முழிக்க மாட்டேங்கிறாங்க."

"மூச்சு இருக்காடே?"

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. விக்காமல், ஒரே சீராக.

"வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணே," என்றான்.

நான் திரும்பக் கேட்கவில்லை. ரேடியோவை அணைக்கவும் இல்லை.