பூட்டி வைத்த கல்

மார்ச் 9, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து சிம்மக்கல் கடைத்தெருவுக்குப் போனேன். வருடத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, மஞ்சள். மஞ்சளை நானே பார்த்து எடுத்தேன், இருந்ததிலேயே பளீரென்றது. என் மனைவி ஐரினே பாராட்டினாள். அபூர்வம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி
மகன் ஜினோ சோற்றைத் தொடுவதில்லை, வெளிறிப் போயிருக்கிறான். ரத்தத்தில் காரீயம் அதிகம் என்கிறார் டாக்டர். "வீட்ல காரீயம் கலந்தது ஏதும் இருக்கா?" ஐரினும் அவள் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு
காலையிலிருந்து சண்டை. என் கல்தான் காரணமாம்! குரோகோயிட் - காரீயமும் குரோமியமும் சேர்ந்தது, செக்கச்செவேலென்று ஊசி ஊசியாக இருக்கும். டாஸ்மேனியாக் கல், நம் பக்கம் கிடைக்காது. அழுத்திப் பிடித்தாலே உடையும் என்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டி அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளை ஏணி போட்டு ஏறியா நக்கினான்?

"அந்தக் கல்லு வந்ததுல இருந்துதான் பிள்ள இளைச்சுட்டான்" என்கிறார் அத்தை. கல் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. யாரிடம் சொல்வது?

"கல்லு வேணுமா, பிள்ள வேணுமா?" என்கிறாள் ஐரின். இதெல்லாம் ஒரு கேள்வியா?

ஜூன் 23
கல்லைக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்துவிட்டேன். திருப்தியா?

ஆகஸ்ட் 1, வெள்ளி
மறுபடி ரத்தப் பரிசோதனை. கூடியிருக்கிறது. இப்போது எதைத் திட்டுவார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். சீ. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்
முதலாண்டு வகுப்பு. என் கல்லை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் தேய்த்துக் காட்டினேன். மஞ்சள் தூளாக விழுந்தது. வருடா வருடம் சொல்வதையே சொன்னேன்: "வெறும் நிறத்த வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க."

"இதால என்ன பயன் சார்?" என்றாள் திவ்யா.

கல் அரிது, அதே பொருளை ஆலையில் செய்து மஞ்சள் பெயிண்டில் கலப்பார்கள், சில களவாணிகள் கிழங்கு மஞ்சளுக்கு மெருகு போடவும் - அதோடு நின்றுவிட்டேன்.

பருப்புச்சோறு. ராத்திரி மஞ்சள் பால். அம்புட்டும் அவன் வயித்துக்குள்ள. வாங்கினது யாரு? நாந்தானே! பளீர்னு இருக்குன்னு!

ஆகஸ்ட் 8
வீட்டு மஞ்சளை ஆய்வகத்தில் கொடுத்திருந்தேன், சோதித்துவிட்டார்கள். மஞ்சளில்தான் காரீயம். ஐரினிடம் சொன்னேன். கத்துவாள் என்று காத்து நின்றேன். மஞ்சள் டப்பாவைக் கட்டி எடுத்து வைத்தாள். கத்தியிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு
ஜினோவுக்குக் காரீயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. மத்தியானம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். மஞ்சள் போடாத சாம்பார் வெளுத்துக் கிடந்தது; எல்லாரும் அதையே பிசைந்து சாப்பிட்டோம்.

"அந்தக் கல்லக் கொண்டாந்துருங்க மாப்ள. பாவம், அது என்ன செஞ்சுச்சு" என்றார் அத்தை. கல்லூரியிலேயே இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் சிம்மக்கல். இருந்ததிலேயே மங்கலான மஞ்சளை ஐரின் எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.