வதனா கேட்ட கேள்விகள்

புஜைரா, அமீரகம்
12.1.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. லீவில் ஊருக்கு வரும் பழனிச்சாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போதவில்லை. எட்டு மாதமாக ஊசி போடுகிறேன். பயப்படாதே.

இங்கே கிளினிக்கில் வதனா என்றொரு நர்ஸ், யாழ்ப்பாணத்துக்காரர். சர்க்கரைக்காரர்கள் தங்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும் இங்கிலீஷ் கேள்வித்தாளை எங்கள் லேபர் கேம்ப் ஆட்களுக்காகத் தமிழில் மாற்றுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியும் புரிகிறதா என்று பார்க்கிறார். "கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் பாதங்களை அவதானித்தீர்கள்?" என்று எழுதியிருந்தார். "மேடம், எத்தன நாள் கால பாத்தீங்கன்னு கேளுங்க" என்றேன். சிரித்துவிட்டு, "உங்கட தமிழ் நல்ல வடிவு அண்ணை" என்று அப்படியே எழுதிக்கொண்டார். வடிவு என்றால் அவர்கள் ஊரில் அழகு. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ரெங்கராஜ்

திருவாடானை
3.2.2024

மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லை என்பது எட்டு மாதம் கழித்து எனக்குத் தெரிகிறது. அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

"சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா" என்று நான் கேட்டால், "ம், டூட்டிக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிடுவீர்கள். அவள் கேட்டால் ஏழு நாளுக்கும் நாள் வாரியாகச் சொல்கிறீர்கள். கல்யாணமான இந்தப் பதிமூன்று வருடத்தில் என் பேச்சு வடிவு என்று ஒரு நாள் சொன்னதுண்டா? கடிதத்தில் ஊசிக்கு இரண்டு வரி, அவளுக்குப் பத்து வரி. எண்ணிப் பார்த்தேன்.

இனி வெள்ளிக்கிழமை அங்கே போக வேண்டாம். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அப்படி என்னதான் கேட்டாள் என்று நானும் பார்க்கிறேன்.

சங்கீதா

புஜைரா
1.3.2024

சங்கீதா,

நீ சொன்னபடி மூன்று வாரம் போகவில்லை. எண்ணெய் டேங்க் மேல் ஏறி இறங்கியதில் சேஃப்டி ஷூ கடித்து, இடது சுண்டுவிரலில் புண். வலியே தெரியவில்லை. சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வதனாவிடம்தான் போனேன், கோபிக்காதே. மருந்து கட்டினார். விரலுக்கு ஆபத்தில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "வீட்டில் யாரிடம் உங்கள் நோயைப் பற்றிப் பேசுவீர்கள்?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். "சொன்னா பயந்துருவா" என்றேன். "பயப்பட்டாலும் சொல்லுங்கோ அண்ணை. அவ உங்கட மனிசி" என்றார். மனைவியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பிறகுதான் உனக்கு அந்த முதல் கடிதம் எழுதினேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

ரெங்கராஜ்

திருவாடானை
20.3.2024

வதனா அவர்களுக்கு,

ரெங்கராஜின் மனைவி சங்கீதா எழுதுவது. உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நல்லவர் என்று தெரிந்த பிறகும் அது குறையவில்லை. அவர் எனக்கு எழுதியதுகூட நீங்கள் சொல்லித்தான் என்று படித்துவிட்டு, இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

கேள்விகளைப் படித்தேன். "சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தீர்களா?" என்றால் இவர் ஆமாம் என்றுதான் சொல்வார். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள், மாட்டிக்கொள்வார். இது எனக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை உங்களிடம் போகச் சொல்லிவிட்டேன். நான் பார்க்க வேண்டிய காலை நீங்கள் பாருங்கள். அவர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் மாதம் லீவில் வருகிறார். அந்த ஒரு மாதம் கேள்விகளை நான் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கீதா