லீபானை ஊருக்கு அனுப்பினோம்

கார்டிஃப்
4 மார்ச் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். அண்ணி, பிள்ளைகள் சுகம்தானே? செவ்வாய்க்கிழமை டிவி விவாதத்தில் உங்களைப் பார்த்தோம். "மாமா அந்த வெள்ளைக்காரரைவிட நம்மளத்தான் ஜாஸ்தி திட்டுறாரு" என்று லீபான் சிரித்தான்.

அவன் பள்ளியில் ஒரு விவாதம் வைத்திருக்கிறார்கள். ஜிஹாத் என்பது தற்காப்பா, வன்முறையா என்று தலைப்பு. தற்காப்பு என்று பேச வகுப்பில் யாரும் வராததால் டீச்சர் இவனை எழுப்பிவிட்டிருக்கிறார். "குடுத்த பக்கத்தைப் பேசினேன்மா. கொஞ்சம் நல்லாப் பேசிட்டேன் போல" என்கிறான். பள்ளியிலிருந்து தகவல் போய், மறு வாரமே தீவிரவாதத் தடுப்பு அதிகாரிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பேசும்போதே அவன் புத்தக அலமாரியைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்காரவும் ஆள் இல்லையாம். அவன் அப்பா உயிரோடு இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் தங்கை
ஹிபாக்


லண்டன்
9 மார்ச் 2016

அன்புத் தங்கை ஹிபாக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். எதற்கு இப்படிப் பயப்படுகிறாய்? நம் சோமாலியர்கள் எல்லோரும் செய்வதை நீயும் செய். பிள்ளை தடுமாறினால் ஊருக்கு அனுப்பி, சொந்தக்காரர்கள் கண்பார்வையில் கொஞ்சக் காலம் வைத்திருந்து அழைத்துக்கொள்வது நமக்குப் புதிதா? ஹர்கெய்சாவில் சித்தப்பா மகன் வர்சமே இருக்கிறான். ஒட்டகப் பால் குடித்து, பெரியவர்களிடம் நாலு திட்டு வாங்கினால் பையன் தெளிந்துவிடுவான். இங்கேயே இருந்தால் இன்னொரு நாள் வாயைத் திறந்து வசமாக மாட்டிக்கொள்வான்.

அதிகாரிகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தீவிரவாதத் தடுப்புக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? நீ எதுவும் பேசாதே. உன் ஆங்கிலத்துக்கு அவர்கள் ஒன்றை ஒன்பதாக எழுதிக்கொள்வார்கள். ஈஸ்டர் விடுமுறையிலேயே அனுப்பிவிடு.

உன் அண்ணன்
கூலேத்


கார்டிஃப்
20 ஜூன் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீபானின் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். தீவிரவாதிகளோடு சேர்ந்து சண்டை போடப் போயிருக்கிறானாம். அதே இரண்டு பேர் வந்தார்கள். "யார்கிட்டயும் சொல்லாம ஏன் அனுப்பினீங்க?" என்றார்கள். என் அண்ணன் உங்களிடம் சொன்னாரே என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி யாரும் சொல்லலையே" என்றார் மூத்தவர். நான் பொய் சொல்கிறேன் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

அங்கேயும் நிலைமை சரியில்லை. வர்சமே வீட்டில் அவன் யாருடனும் பேசுவதில்லை. புதிதாகச் சிலர் காரில் வந்து அவனைக் கூட்டிப்போகிறார்களாம். அவர்கள் யாரென்று வர்சமேவுக்கே தெரியவில்லை. போனில் கேட்டேன். "அங்க எல்லாரும் என்னை விசாரிச்சாங்க. இங்க வர்சமே மாமாவும் விசாரிக்கிறாரு. இவங்க மட்டும்தான்மா எதுவும் கேட்காமப் பேசுறாங்க" என்கிறான். அண்ணா, பாஸ்போர்ட் இருந்தால் இன்றைக்கே அவனை அழைத்துக்கொள்வேன். அனுப்பச் சொன்னது நான்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பேச்சை அவர்கள் கேட்பார்கள்.

உங்கள் தங்கை
ஹிபாக்


லண்டன்
27 ஜூன் 2016

ஹிபாக்குக்கு,

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் கிளம்புவதற்குள் பிரஸ்ஸல்ஸில் குண்டு வெடித்தது. மறுநாள் குழு கூடியபோது எல்லார் கண்ணும் என் மேல்தான். அந்த நேரத்தில் என் மருமகன் சோமாலியா போகப்போகிறான் என்று எந்த வாயால் சொல்வேன்? இத்தனை நாள் கழித்து இப்போது சொன்னால் மறைத்துவைத்தேன் என்று ஆகிவிடும். நான் வெளியே தள்ளப்பட்டால் நம் ஆட்களுக்காகப் பேச அந்த அறையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீ இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வர்சமேயிடம் பையனை வீட்டை விட்டு வெளியே விடாதே என்று சொல். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

கூலேத்


கார்டிஃப்
11 ஜூலை 2016

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று டிவியில் பேசினீர்கள். எதிரில் இருந்தவர் எங்கள் எல்லோரையும் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்றார். நீங்கள் பொறுமையாக, அப்படியில்லை, பிள்ளைகளை ரகசியமாக ஊருக்கு அனுப்பும் தாய்மார்களை மட்டும் விசாரித்தால் போதும் என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. நான் டிவியை அணைக்கவில்லை, முழுவதும் பார்த்தேன்.

லீபானிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. தெற்கே, சண்டை நடக்கும் பக்கம் போகிற வண்டியில் ஏறினான் என்கிறார் ஒருவர். இல்லை, இன்னும் ஹர்கெய்சாவில்தான் சுற்றுகிறான் என்கிறார் இன்னொருவர். வர்சமே அழுகிறான்.

நாளைக் காலை நான் புறப்படுகிறேன். போனால் என் பாஸ்போர்ட்டும் போய்விடும் என்று தெரியும். அவனைக் கண்டுபிடித்தால் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவேன். கண்டுபிடிக்காவிட்டால் திரும்பி வந்து இங்கே யாருக்குச் சமைக்கப் போகிறேன்? உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

கார்டிஃபிலிருந்து ஒரு தாயும் மகனும் ஏன் அங்கே போனார்கள் என்று அடுத்த முறை உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள் நன்றாகவே பதில் சொல்வீர்கள். அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

ஹிபாக்