உன் ஆய்வகத்துக்கு வந்த சரவணம்பட்டித் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் உன் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஒரு கையில் ஆய்வகத்தில் ஒப்படைக்க உன் வெள்ளைக் கோட்டு. மறு கையில், கல்லூரி மலருக்காக உன் நினைவாக நான் எழுதிய அஞ்சலிக் கட்டுரை.

முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில் உன் இடத்தில் இப்போது சாந்தி மேடம் நிற்கிறார். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் நாள் என்று சொல்லி என்னையும் உட்கார வைத்தார். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியதும், நீ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் மாலைகள் நினைவுக்கு வந்தன.

நீ தொடங்கிய வழக்கம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவர வேண்டும். பக்கத்து மேசையைப் பார்த்து விடையை எழுத வழியில்லை. இவ்வளவு எளிதான யோசனை வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை? ஆர்.எஸ்.புரத்துச் சிறுவாணித் தண்ணீர் சில சொட்டுகளில் சிவப்பிலிருந்து நீலமாகிவிடுகிறது. உப்பு நிறைந்த சரவணம்பட்டி போர் தண்ணீர், கரைசலைச் சொட்டவிடும் பியூரெட்டையே காலி செய்யப் பார்க்கிறது. தெருத்தெருவாக அலைந்து செய்தி சேகரித்து நான் தெரிந்துகொண்ட ஊரை, நீ நின்ற இடத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறாய்.

அந்த வழக்கம் இந்தப் பருவத்தோடு நின்றிருக்க வேண்டியது. புதிய துறைத் தலைவருக்கு இதில் விருப்பமில்லை. ஆளுக்கொரு விடை வந்தால் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த பருவத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே கரைசல் என்று மாற்றிவிட நினைத்தவர், கடைசியாக ஒரு வகுப்பைப் பார்க்க வந்திருந்தார்.

அவர் வந்து நின்றது கௌசல்யாவின் மேசையில். சரவணம்பட்டிப் பெண். அவள் குடுவை சில சொட்டுகளிலேயே நீலமாகிவிட்டது. அதே தெருவிலிருந்து வரும் தோழி, தன் அளவைப் பார்த்து எழுதிவிடச் சொல்லிக் காதைக் கடித்தாள். கௌசல்யா கேட்கவில்லை. மறுபடி செய்தாள். அதே அளவுதான் வந்தது. அதையே பேனாவால் எழுதினாள்.

பாட்டிலைக் கொட்டிவிட்டு ஆய்வகத்துக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக்கொண்டாயா என்று துறைத் தலைவர் கேட்டார்.

“ஊட்டுத் தண்ணிதாங்க சார். எனக்கு வந்தது இதுதானுங்க. மாத்தி எழுத மாட்டேனுங்க.”

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். சாந்தி மேடம் அவளை வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார்.

“அம்மா, காலைல பாட்டில்ல எந்தத் தண்ணி ஊத்துனே?”

“கேன் தண்ணி கண்ணு. காலேஜ்ல மேடமெல்லாம் பாப்பாங்கன்னு சொன்னியல்லோ? போர் தண்ணியக் குடுத்துவுட்டா நம்ம மானம் என்னாகறது?” அந்த அம்மாவே தொடர்ந்து கேட்டார்: “ஏங் கண்ணு, பத்தலையா?”

ஆய்வகமே சிரித்தது. துறைத் தலைவர் மட்டும் சிரிக்காமல் அவள் எழுதிய அளவை மறுபடி பார்த்தார்.

“அப்ப இந்தப் பொண்ணு எழுதுனது சரிதானுங்க மேடம்” என்றார்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டாலே சரிபார்த்துவிடலாம் என்று அவருக்கும் தோன்றிவிட்டது போலும். போர் தண்ணீரையும் கொண்டுவந்து இரண்டையும் எழுதும்படி கௌசல்யாவிடம் சொன்னார். ஒரே கரைசல் யோசனை என்னவாயிற்று என்று சாந்தி மேடம் கேட்டதற்கு, அடுத்த வகுப்புக்குத் தன் வீட்டுத் தண்ணீரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உன் வெள்ளைக் கோட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டுரையைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அதில் நீ ஒருமுறைகூடக் கோபப்படவில்லை அக்கா. அது முழுக்கக் கேன் தண்ணீர். குடுவை உடைந்தால் ஆய்வகம் அதிரக் கத்துவாய். மதியம் அதே பெண்ணிடம் உன் சாப்பாட்டு டப்பாவை நீட்டுவாய். கத்தியதற்கு மன்னிப்பு மட்டும் கேட்கவே மாட்டாய். இதை விட்டுவிட்டு உன்னை எப்படி எழுதினேன்?

திரும்ப எழுதுகிறேன். நீ இருந்தபடியே எழுதுகிறேன். அளவு எப்படி வந்தாலும் மாற்றமாட்டேன்.

ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து உன்னோடு வளர்ந்த
உன் தம்பி