பல்பைக் கழற்றி ஒரு சோதனை

3 ஜூன் 2024, திங்கள்
நெம்மேலியில் கம்பெனி பஸ் ஏறியதும் தூங்கிவிட்டேன். மறைமலைநகர் வந்ததும் அம்சாதான் கிள்ளி எழுப்பினாள். உள்ளே போனால் பதினான்கு பெட்டிகள். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மாட்டிய தோட்ட விளக்குகள், மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டன. பல்பும் போய், அதை எரிய வைக்கிற சர்க்யூட்டும் போயிருக்கிறது. பாகங்களை ஒட்டும் சாலிடர் ஈயம் சரியில்லை என்கிறார் இன்ஜினியர் கிருபாகரன் சார். சாலிடர் வைப்பது அம்சா. இந்த மாதக் கடைசியில் அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. இனி புதுப்பிப்பார்களா?

"என் கைல இன்னா தப்பு கீதுன்னு நீயே சொல்லு ஜெபா. டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டவ நீதான?" என்றாள். கோபம் வந்தது. அவள் சொன்னது நிஜம், அதனால் வந்த கோபம்.

4 ஜூன்
பதினான்கையும் திறந்து பார்த்தேன். சாலிடரெல்லாம் மூக்குத்திக் கல் மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கிற கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன உருளை, வீங்கியிருக்கிறது. ஏன் அது மட்டும்?

6 ஜூன்
சாம்பார் சாதம் சாப்பிடும்போது உறைத்தது. என் மேஜையில் ஒரு நாளாவது பல்பு இல்லாமல் சோதித்திருக்கிறேனா? நான்கு வருடமாக அதே நல்ல பல்பைத்தான் மாட்டுகிறேன் — முறை அப்படி. கடலோரத்தில் முதலில் பல்புதான் போகும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு கேட் கொக்கியே ஒரு வருடம் தாங்காது. பல்பு போனபின் சர்க்யூட் என்ன செய்யும்?

7 ஜூன்
சாப்பாட்டு நேரத்தில் ஒரு புது விளக்கில் பல்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். மீட்டரில் வோல்டேஜ் ஏறியது, ஏறியது — டப். அதே கெப்பாசிட்டர். சார் ஓடி வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு எடும்மா," என்றார்.

அதுவும் டப். அம்சா கைதட்டினாள். கம்பெனிப் பொருள் வெடித்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவள் அவளாகத்தான் இருப்பாள்.

8 ஜூன்
ஆலோசனைப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டேன். பல்பு போனால், வோல்டேஜ் எகிறும் முன்பே சர்க்யூட் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பாகம் சேர்த்தால் போதும் என்கிறார் சார். 'இதுவரை இப்படிச் சோதிக்காதது என் தவறு' என்ற வரியை இரண்டு முறை எழுதி, எழுதி அடித்துவிட்டேன். மூன்றாவது முறை எழுதியதை அடிக்கவில்லை.

29 ஜூன்
அம்சாவுக்கு இன்னும் ஒரு வருடம்! எனக்குப் பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ். அதையும் அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

14 நவம்பர்
ரிசார்ட்டிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது. புது சர்க்யூட் வைத்து அனுப்பிய விளக்கு. பிரித்தேன். பல்பு போயிருந்தது, அடிப்பக்கமெல்லாம் துரு. அம்சா வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். என் மேஜையில் இருந்த நல்ல பல்பைக் கழற்றி அதில் மாட்டினேன்.

எரிந்தது. ஷிஃப்ட் முடியும்வரை நாங்கள் அதை அணைக்கவில்லை.