சியோனேயின் கிழிந்த பாய்

என் அன்பு மச்சான் சியோனே,

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நீயும் என் தங்கை வதனியும் அட்டை அனுப்புவீர்கள். பதில் போட்டதில்லை. என்னைக் கேட்காமல் அவள் ஒரு தொங்காத் தீவு நாட்டவனைக் கட்டிவிட்டாள் என்ற கோபம். கோபங்களைப் பத்திரமாக வைத்திருப்பவன் நான். ஊரில் பௌதிகம் படிப்பித்த என்னை ஹென்டர்சன் தளபாடத் தொழிற்சாலையில் பெட்டி கட்ட விட்ட இந்த ஆக்லாந்தோடும் எனக்கு இன்னும் கோபம்தான்.

எங்கள் ஆட்களில் பலருக்கு நீ யாரென்று தெரியாது. “அந்தப் பெரிய உடம்புக்காரன், வதனியின்ரை மனிசன்” என்பதோடு சரி. அதனால் நீ அறிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், அவர்களும் கேட்கட்டும்.

ஆறு வயதில் பெற்றோரோடு ஆக்லாந்துக்கு வந்தாய். பள்ளிக்கூடத்தில் ரக்பி. பதினெட்டு வயதில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஒருவர் உன் தோளைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார், கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய ஃபுட்போலை அதற்குமுன் நீ கண்டதே இல்லை. நான்கு வருடம் கல்லூரிக்கு ஆடினாய். பிறகு ஒன்பது வருடம் சம்பளத்துக்கு, இரண்டு அணிகளில், ஒரே வேலை: லைன்மன். குனிந்து ஒரு கையை நிலத்தில் ஊன்றி நிற்பாய். பந்து அசைந்ததும் எழும்பி, பாய்ந்து வருகிறவனை மறிப்பாய். உனக்குப் பின்னால் நிற்கிறவன் பந்தை எறிவான். சனம் அவன் பெயரைக் கத்தும்.

ஆட்டக் காலம் முடிந்த ஒரு பெப்ரவரியில், ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் கிடந்த உன் அம்மாவைப் பார்க்க வந்தாய். அந்த வார்டில் வதனி தாதி. அடுத்த வருடம் கலியாணம். நான் போகவில்லை.

உன் முழங்கால்கள் பழுதாகி நீங்கள் ஆக்லாந்தில் கிளென்ஃபீல்டுக்குத் திரும்பி வந்தும், இரண்டு வருடம் கழித்துத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. பழைய ஆட்டமொன்றின் வீடியோ கசெட்டைப் போட்டாய். உன் வாயில் “மச்சான்” மட்டும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். எனக்கு இப்போது எல்லாம் தமிழாகவே கேட்கிறது.

“பந்து உன்னட்டை எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“வராது மச்சான். என்ரை கைக்கு வந்தா எங்கையோ பிழைச்சுப்போச்செண்டு அர்த்தம்.”

“அப்ப உன்ரை பேரை எப்பதான் சொல்லுவாங்கள்?”

“பேர் இல்லை, இலக்கம். அதையும் நான் பிழை விட்டாத்தான் மைக்கிலை சொல்லுவாங்கள். அம்மா ஒருக்கா பாக்க வந்தவ. என்ரை இலக்கத்தைச் சொன்னதும் எழும்பி நிண்டு கைதட்டினா.”

“நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தும் அவ இருக்கேல்லை அண்ணை,” என்றாள் வதனி. “சுத்தியிருந்த சனமெல்லாம் ஏசுது, மாமி கும்பிடுறா!”

அன்று மூவரும் சிரித்தோம். அப்படி எத்தனை நாள் சிரித்தோம், சொல்லு?

அதன்பிறகு நீ மறக்கத் தொடங்கினாய். பால் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போய், எதற்கு வந்தோமென்று தெரியாமல் நிற்பாய். வெளிச்சம் கூசி, பகலிலும் திரைச்சீலையை மூடுவாய். ஆட்டத்தில் வருடக்கணக்காய்த் தலையில் பட்ட அடிகள்தான் காரணமாம். முழங்காலில் நோவு மறைக்க ஊசி போட்டு உன்னைத் திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் அனுப்பிய உன் அணி வைத்தியரை நான் மன்னிக்கவில்லை. “அவன் தன்ரை வேலையைச் செய்தவன், நான் என்ரை வேலையைச் செய்தனான்” என்று நீ சொன்னாய். உனக்கு எப்படி மனம் வந்தது?

நாற்பத்தொரு வயதில், ஒரு காலை, தேத்தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் உன் இருதயம் நின்றது.

செத்தவீட்டில் நடந்ததை நீ அறியமாட்டாய். முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தது. உன் சொந்தக்காரர் எல்லோரும் கறுப்பு உடுத்து, உங்கள் துக்க வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றியிருந்தார்கள். நல்ல மெல்லிய பாய் கட்டியவர்கள் உன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மேலே என்று பெயர்கொண்ட உன் அக்கா என்னிடம் ஒரு பாயை நீட்டினா. முரட்டுப் பாய். ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிறது, கட்டினால் நெஞ்சுவரை வரும். “பின்னாலை போ. அங்கை சமையல்,” என்றா.

பெண் கொடுத்த வீட்டில் மூத்த ஆண் நான். எங்கள் ஊரில் என்னை முன்வரிசையில் இருத்துவார்கள். பாயைச் சுருட்டிக் காரின் பின்பெட்டிக்குள் எறிந்துவிட்டு மவுண்ட் ஆல்பர்ட்டிலுள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னைப் புதைக்கும்போது நான் அங்கே இல்லை.

எட்டாம் நாள் போனேன். வதனி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“கலியாணத்துக்கும் வரேல்லை. சாவுக்கும் நிக்கேல்லை. இனி என்னத்துக்கு அண்ணை வாறியள்?”

கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு தொலைபேசியையும் அவள் எடுப்பதில்லை. எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே இரத்த உறவு அவள்.

போன மாதம் கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் உன் அக்கா மேலேயைக் கண்டேன். ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை.

“எங்கடை பாய் எங்கை?”

“அந்தக் கந்தலைத் தந்து என்னைக் குசினிக்கு அனுப்பினீங்கள்,” என்றேன்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தா. “எங்கடை முறையிலை செத்தவனுக்கு ஆர் பணியோணுமோ அவைதான் பெரிய பாய், கிழிஞ்ச பாய் கட்டுறது. துக்கம் அவைக்குத்தான் கூட. பின்னாலை நிண்டு எல்லாருக்கும் சமைச்சுப் போடுறதும் அவைதான். நீ பொம்பிளையின்ரை தமையன், உனக்கு அந்த இடம். எங்கடை அப்பா செத்தபோது அதே பாயைக் கட்டினது ஆரெண்டு நினைக்கிறாய்? அமெரிக்காவிலையிருந்து வந்து இறங்கின சியோனே. மூண்டு நாள் புகைக்குள்ளை நிண்டு பண்டி இறைச்சி வாட்டினவன். முன்பக்கம் எட்டியும் பாக்கேல்லை.”

நீ ஏன் இதை ஒருநாளாவது எனக்குச் சொல்லவில்லை மச்சான்? நான் கேட்கவில்லை என்பதாலா?

வீட்டுக்கு வந்து பின்பெட்டியைத் திறந்தேன். பதினொரு மாதம் கிடந்து பாயில் ஈரம் பிடித்திருந்தது. அதையும் தாண்டி விறகுப் புகை மணத்தது. வெயிலில் விரித்துக் காயவைத்தேன். கிழிசல்களைத் தைக்கவில்லை. தைக்கக்கூடாது என்று இப்போது தெரியும்.

வருகிற சனிக்கிழமை, வருடம் முடிகிற உன் ஆட்டைத் திவசம். உன் ஆட்கள் கறுப்புக் களைகிற நாளும் அதுதானாம். வதனிக்குச் சொல்லவில்லை. விடிய முதல் உன் வீட்டுக்கு வருவேன், உன் பாயைக் கட்டிக்கொண்டு. முன்கதவைத் தட்டமாட்டேன். வேலிப்பக்கத்தால் பின்னுக்குப் போய், கிழங்கு உரித்து, வெங்காயம் வெட்டி, கடைசிச் சட்டி கழுவும்வரை நிற்பேன். அவள் யன்னலால் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. இந்த முறை இடத்தைவிட்டு அசையமாட்டேன்.

உன் பெண்சாதியின் தமையன்,
பின்பக்கத்தில் நிற்கவேண்டிய உன் மச்சான்